இருபத்து நான்கு முழம்

"யாருக்குன்னு தைக்கட்டும் டீச்சர்?" என்று கேட்டார் சிஹாபுதீன்.

முப்பது வருஷமாக நாட்டிய உடுப்பும் சாமி வேஷத்துக்கான உடுப்பும் தைக்கிறவர் அவர். கடை புது மண்டபத்தில் இருந்தபோதும் சரி, குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகும் சரி, அளவு டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்கும் முன் அவர் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கிருஷ்ணன் என்றால் மஞ்சள். கருப்பசாமி என்றால் கச்சை. சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சப் போகிறவர் என்றால் அதற்கொரு தொப்பியும் சட்டையும் உண்டு. ஆள் யாரென்று தெரிந்துவிட்டால் கத்திரிக்கோல் தானாக ஓடும்.

ஹம்சவேணி ஸ்டூலில் உட்கார்ந்து துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மகால் பக்கத்தில் வீட்டுக் கூடத்திலேயே பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக் கொடுக்கிறவள். நாற்பது வயது இருக்கும்.

"பாஞ்சாலிக்கு. அப்புறம் துச்சாதனனுக்கு, துரியோதனனுக்கு, பீமனுக்கு."

"அப்ப நாலு செட்டு."

"ஒரே செட்டு பாய். நாலும் நான்தான்."

சிஹாபுதீன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அவளையே பார்த்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஒரு பதிலுக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவே அவர் எடுத்துக்கொள்கிற நேரத்தில் பக்கத்துக் கடைக்காரர் டீ குடித்து முடித்துவிடுவார். அது தெரிந்ததால் ஹம்சவேணி தானே சொன்னாள்.

அவளுடைய குழுவில் அவளோடு சேர்த்து ஐந்து பேர் இருந்தார்கள். மூன்று பேர் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியாக இருந்தவள் ரோகிணி. துச்சாதனன் வேஷம் கட்டுகிறவள். அவளும் போன வாரம் ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். ஆனால் திருமங்கலத்துக் கலை மன்ற விழாவில் 'பாஞ்சாலி' நாட்டிய நாடகம் என்று நோட்டீஸ் அடித்தாகிவிட்டது.

"நான் ஒருத்தியே ஆடுறேன்னு சொன்னேன். மன்றத்துத் தலைவர் நல்லகாமன்னு ஒருத்தர், ரைஸ் மில் வச்சிருக்காரு. 'ஒத்த ஆளு நின்னு கையக் காட்டினா சனத்துக்கு என்னம்மா தெரியும்? விழாவுக்கு முந்தின ஞாயித்துக்கெழம எனக்கு ஆடிக் காட்டு. எனக்குப் புரிஞ்சா மேடை. இல்லையின்னா வேற ஆளு பாத்துக்கிறேன்'னுட்டாரு."

"புரியலைன்னா?"

"சலங்கையக் கழட்டி வச்சிர வேண்டியதுதான். இனிமே கூட்டம் சேத்து ஆட ஆளு கெடையாது. ஒத்தையா நின்னு ஆட முடிஞ்சா நான் ஆடலாம். முடியலைன்னா அம்புட்டுத்தான்."

இதை அவள் ராத்திரிச் சமையலுக்குக் காய் நறுக்குவதைப் பற்றிச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். ஸ்டூலின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன.

சிஹாபுதீன் அளவு எடுத்தார். எடுத்து முடித்துவிட்டு, "சேலையை உரியிற எடத்துக்கு எம்புட்டுத் துணி வேணும்?" என்றார். நாடகக்காரர்களுக்கு அவர் சேலையோடு சேலை வைத்துத் தைத்துக் கொடுத்ததுண்டு.

"துணியே வேண்டாம் பாய்."

"இல்லாத துணிய எப்படி உருவுறது? அதுவும் உங்ககிட்டருந்து நீங்களே?"

அவள் சிரித்தாள். "வீட்டுக்கு வந்து பாருங்களேன். நீங்கதான் சரியான ஆளு. பாத்துட்டுப் புரியுதா இல்லையான்னு சொல்லுங்க."

அவர் ஒரு நாட்டிய நாடகத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. உடுப்பு மேடைக்குப் போவதைப் பார்த்திருக்கிறார். கக்கத்தில் வேர்வை காய்ந்து, கொக்கி அறுந்து, பழுது பார்க்கத் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் அந்த உடுப்புக்குள் என்ன நடக்கிறது என்பது இத்தனை வருஷமும் அவருக்குத் தோன்றாத கேள்வி. இப்போது தோன்றிவிட்டது.

*

கூடத்தில் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். ஹம்சவேணியின் தம்பி ராஜகுரு கையில் தாளத்தோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தான். பாடுவதும் அவன்தான். அவள் வெளுத்துப்போன ஒரு பருத்திச் சுடிதாரில் இருந்தாள்.

முதலில் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். நடையில் ஒரு நிமிர்வு இருந்தது.

"அஸ்தினாபுரம் வந்தாச்சு பாய்" என்றான் ராஜகுரு மெதுவாக. "ஒரு சுத்து சுத்தினா ஊரு மாறிரும்."

"திருமங்கலம் பஸ்ஸும் இப்படிப் போனா நல்லாத்தான் இருக்கும்."

பகடை உருண்டது. கையில் பகடை இல்லை. ஆனால் அது தரையில் உருண்டு நிற்கிற இடம்வரை அவள் கண்கள் போயின. சிஹாபுதீனும் அந்த இடத்தைப் பார்த்தார். சிவப்புச் சிமெண்டுத் தரைதான் இருந்தது.

பிறகு துச்சாதனன் வந்தான். வந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் கால்களை அகட்டினாள், தாடையை உயர்த்தினாள், தோள்கள் ஒரு சாண் அகலமானதுபோல் இருந்தது. எதிரே ஒருத்தியின் கூந்தலைப் பற்றினான். பார்வை கீழ்நோக்கிச் சரிந்து ஓர் இடத்தில் நின்றது. அரைச்சுற்று. இப்போது அதே இடத்திலிருந்து பாஞ்சாலி மேலே பார்த்தாள். பாதங்கள் சேர்ந்துவிட்டன. தோள்கள் உள்ளே ஒடுங்கிவிட்டன. மறுபடி அரைச்சுற்று. அவன் கை முந்தானையைப் பிடித்தது. இழுத்தது. வலது கை, இடது கை, வலது கை. காலில் சேர்ந்த குவியலை அவன் பாதத்தால் ஒதுக்கினான். ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி இருந்தவள், ஒரு கட்டத்தில் அந்தக் கையையும் விட்டுவிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தினாள். அவன் இழுத்துக்கொண்டே இருந்தான். மூச்சு வாங்கியது. நெற்றியைத் துடைத்தான். மறுபடி இழுத்தான். முழங்கால் மடிந்து விழுந்தான்.

தாளம் நின்றது. தெருவில் பழைய பேப்பர்க்காரர் கூவிக்கொண்டு போனார்.

சிஹாபுதீன் கேட்டார். "டீச்சர், நீங்க அவனா மாறினதும் அந்தப் பொண்ணு எங்க போகுது?"

"எங்கயும் போகலையே. அங்கனயேதான் இருக்கு."

"இல்லையே."

"அவன் பாக்குறான்ல? அவன் பாக்குற வரைக்கும் இருக்கும். நான் கண்ணை எடுத்தா போயிரும்."

அவர் அந்த இடத்தைத் திரும்பவும் பார்த்தார். நாற்காலிக்கும் தூணுக்கும் நடுவில், தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில். பிறகு கேட்டார். "அவளுக்கு உங்களைவிட உயரம் கம்மியா?"

ஹம்சவேணி ராஜகுருவைப் பார்த்தாள். "அவன் உசரம் ஜாஸ்தி பாய்" என்றாள், மிகவும் சந்தோஷமாக.

*

புரிந்துவிட்டது. அதுதான் அவரைத் தொந்தரவு செய்தது. எப்படிப் புரிந்தது என்று தெரியவில்லை. ஒரு தையலைப் பார்த்தால் பிரித்துப் பார்த்துவிடலாம். இதை எங்கிருந்து பிரிப்பது?

மறுநாள் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், பீரோக் கண்ணாடி முன்னால் நின்று இல்லாத துணியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். கையைக் குவிப்பது, நீட்டுவது, உடம்பருகே கொண்டுவருவது. துணியின் கனம் அவருக்குத் தெரியாததா? சரியாகத்தான் இழுத்தார். வாசற்படியில் அவர் மனைவி பக்ருன்னிசா ரசச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"என்னங்க செய்றீங்க?"

"நீயே சொல்லு, என்ன செய்றேன்?"

அவள் யோசித்தாள். "கெணத்துல தண்ணி எறைக்கிறீங்க."

"சரியாப் பாரு."

"கயிறு கொஞ்சம் பெரிய கயிறோ?"

சிஹாபுதீன் சாப்பிட உட்கார்ந்தார். கலை மன்றத்துத் தலைவரும் இதையே சொல்லிவிட்டால்? திருமங்கலத்துச் சனம் முழுக்க, டீச்சர் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறாள் என்று நினைத்துவிட்டால்?

அன்று சாயங்காலமே வேலையை ஆரம்பித்தார். மெல்லிய ஜார்ஜெட், சேலை நீளத்தில் இரண்டு துண்டு. ஒன்றுக்குப் பன்னிரண்டு முழம், ஆக இருபத்து நான்கு முழம். ஒட்டுத் தெரியாமல் இணைத்தார். உடுப்பின் பின்னிடுப்பில் உள்பக்கமாக ஒரு பை வைத்து, துணியை விசிறி மடிப்பாக மடித்து அதற்குள் அடக்கினார். நுனி மட்டும் மேலாக்கு போல இடது பக்கம் வெளியே வந்தது. இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். பையை எட்டுத் தையலில் பிடித்து நிறுத்தினார். வெளியிலிருந்து பார்த்தால் பை இருப்பதே தெரியாது. அவ்வளவு நல்ல வேலையை அவர் சமீபத்தில் செய்ததில்லை.

உடுப்பை வாங்க வந்த ஹம்சவேணியிடம், கேட்காமலே செய்துவிட்டேன் என்று சொல்லிக் காட்டினார். பக்ருன்னிசா சொன்னதையும் மறைக்கவில்லை.

அவள் துணியைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தாள். அது மெதுவாக, சத்தமில்லாமல் வந்தது. அவள் வேண்டாம் என்பாள் என்று அவர் எதிர்பார்த்திருந்தார்.

"கெணறுன்னாங்களா?" என்றாள்.

"அவ சும்மா சொன்னா."

"சும்மா சொல்றவங்கதான் பாய் சனம்." துணியைத் திரும்ப உள்ளே தள்ளினாள். "இருக்கட்டும். எனக்கும் பயமாத்தான் இருக்கு."

*

ஞாயிற்றுக்கிழமை திருமங்கலத்து மண்டபத்தில் நல்லகாமன் முதல் வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். பெரிய மீசை. மடியில் போன். ஏதாவது அறுந்தால் தைப்பதற்காக சிஹாபுதீனும் வந்திருந்தார்.

"ஆரம்பிம்மா. எனக்கு நாட்டியம் எல்லாம் தெரியாது. தெரியாதவன் பாக்குறேன்னு நெனச்சு ஆடு."

பகடைவரை எல்லாம் அதேபோல் இருந்தது. துச்சாதனன் வந்தான். முந்தானையைப் பிடித்தான். துணி வந்தது.

சிஹாபுதீன் தன்னை அறியாமல் எண்ண ஆரம்பித்தார். துணி நகர்ந்தால் அவருக்குக் கண் எண்ணும். ஒரு இழுப்புக்கு ஒரு முழம். மூன்று, நான்கு, ஐந்து. பளபளவென்று ஜார்ஜெட் அவள் காலடியில் விழுந்தது. பை சிக்காமல் கொடுத்தது. பத்துக்கு அருகில் அவர் முகத்தில் பெருமைகூட வந்தது. பதினைந்தில் அது போய்விட்டது.

துணி அவளுடைய இடுப்பிலிருந்தே வந்துகொண்டிருந்தது. அவன் தன் இடுப்பிலிருந்து தானே உருவிக்கொண்டிருந்தான். அவள் கண்கள் துணியில் இருந்தன. சிக்குமோ, காலில் சுற்றுமோ என்று கையையும் தரையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே, அந்த இன்னொருத்தி நிற்க வேண்டிய இடத்தில், மண்டபத்தின் தண்ணீர் டிரம் இருந்தது.

இருபது. இருபத்து இரண்டு. இருபத்து நான்கு. தான் மடித்து அடித்த ஓரம் வெளியே வந்தது. அவ்வளவுதான். அவள் துணியின் நுனியைக் கையில் பிடித்தபடி ஒரு கணம் நின்றாள். பிறகு, சேர்க்க வேண்டிய மூச்சிரைப்பைச் சேர்த்து விழுந்தாள். விழுவதற்குக் காரணம் இல்லை. வந்த வேலையை அவன் முடித்துவிட்டான்.

நல்லகாமன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். "போதும்மா. துணி வருதுல்ல, சின்னப்புள்ளைக்கும் புரிஞ்சிரும். அடுத்த ஞாயித்துக்கெழம ஆறரைக்கு. துணி நல்லா இருக்கு, அது யாரு தச்சது?"

"இந்தா, பாய்தான்" என்றான் ராஜகுரு.

"நல்லா இருக்கு பாய்."

திரும்பும்போது பஸ்ஸில் மூன்று பேருக்கும் இடம் கிடைத்தது. கப்பலூரில் ஷிப்ட் முடிந்த கூட்டம் ஏறி நெருக்கியது. ஹம்சவேணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சிஹாபுதீன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"தலைவரே சரின்னுட்டாரு" என்றான் ராஜகுரு. "எழவு வீட்டுக்குப் போயிட்டு வாற மாதிரி வாரீங்களே ரெண்டு பேரும்."

சிஹாபுதீன் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷத்தில் எத்தனை துணி வெட்டியிருப்பார்? எத்தனை கிழித்திருப்பார்? ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓரம் இருந்தது. நாற்பது முழம் வைத்துத் தைத்திருந்தாலும் நாற்பதாவதில் ஓரம் வந்திருக்கும். அன்று கூடத்தில், வெளுத்த சுடிதாரில் அவள் இழுத்தபோது அவர் எண்ணவே இல்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஏன் எண்ணவில்லை?

வாரம் முழுவதும் இதைப் பேசாமல் வைத்திருந்தார். சொல்வதற்கு அவர் யார்? மேடை கிடைத்துவிட்டது. துணிக்காகத்தான் கிடைத்தது. அதைத் தொட்டு, அதனால் மேடை கெட்டால் கெடப்போவது அவருடைய பிழைப்பு இல்லை.

*

விழா அன்று மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் ஹம்சவேணி முழு அலங்காரத்தில் நின்றாள். ராஜகுரு மைக் சரிபார்க்கப் போயிருந்தான். சிஹாபுதீன் அவள் முதுகுப் பக்கக் கொக்கிகளை மாட்டிவிட்டு, கையில் பிளேடோடு அப்படியே நின்றார்.

"டீச்சர். எட்டுத் தையல்தான். ரெண்டு நிமிஷம்."

அவள் திரும்பவில்லை. எதைச் சொல்கிறார் என்று கேட்கவும் இல்லை. வெளியே யாரோ மைக்கில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அவருக்குத் துணிதான் புரிஞ்சுது பாய்."

"தெரியும்."

"கெணறு மாதிரி இருக்குன்னு உங்க வீட்டுலயே சொல்லிட்டாங்க."

"அது நான் இழுத்தது. ஏழு நாளா அதத்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன். நான் துணியப் பாத்து இழுத்தேன். அதான் கயிறாயிருச்சு. அன்னைக்கு உங்க வீட்டுல நீங்க துணியப் பாக்கவே இல்ல. அவளப் பாத்தீங்க." இவ்வளவு நீளமாகப் பேசியதில் அவருக்கே மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "போன வாரம் இந்த மண்டபத்துல அவ இல்ல டீச்சர். எடம் காலியா இருந்துச்சு."

அவள் எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிவு உங்களோடது" என்றார் அவர். "வேண்டாம்னா பிளேடைப் பையில போட்டுட்டுப் போறேன். துணி சிக்காது, அதுக்கு நான் பொறுப்பு."

வெளியே நாற்காலிகள் இழுபடுகிற சத்தம். யாரோ ஒரு குழந்தையை அதட்டினார்கள். ஹம்சவேணி நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள். அவர் காத்திருந்தார். காத்திருப்பது அவருக்குக் கஷ்டமில்லை.

பிறகு அவள் இடது கையைப் பக்கவாட்டில் உயர்த்தினாள்.

எட்டுத் தையல். பை கையோடு வந்தது. ஜார்ஜெட் ஒரு தேங்காய் அளவுக்குக்கூட இல்லை. அதைச் சுருட்டித் தன் பையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனார். ஐந்தாவது வரிசையில் பக்ருன்னிசா அவருக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். கிணறு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று அவளே கிளம்பி வந்திருந்தாள். முதல் வரிசையில் நல்லகாமனின் தலை தெரிந்தது.

மேடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஊர் மாறியது. கூட்டத்தில் பேச்சு ஓயவில்லை. பகடை உருண்டபோது முன்வரிசைப் பிள்ளைகள் சிலர் எட்டிப் பார்த்தார்கள். துச்சாதனன் கால் அகட்டி நின்று கீழ்நோக்கிப் பார்த்தான்.

சிஹாபுதீன் அவனைப் பார்க்கவில்லை. அவன் பார்க்கிற இடத்தைப் பார்த்தார். மேடையின் வலது பக்கம், குத்துவிளக்குக்குக் கொஞ்சம் தள்ளி.

கை நீண்டது. பிடித்தது. நல்லகாமனின் தலை லேசாக முன்னால் நகர்ந்தது. துணியைத் தேடுகிறார் போலும். சிஹாபுதீன் எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு. கண் எண்ணியே தீரும். இல்லாத துணியையும் அது எண்ணியது. பத்து. பதினைந்து. அவன் குவியலைக் காலால் ஒதுக்கினான். இருபது. அவன் பார்வை அந்த இடத்தைவிட்டு இம்மி நகரவில்லை. இருபத்து மூன்று. இருபத்து நான்கு.

ஓரம் வரவில்லை.

இருபத்து ஐந்து என்று எண்ணினார். முப்பது. அவள் இரண்டு கைகளையும் உயர்த்தினாள். அவன் இழுத்தான். முப்பத்தாறு. பக்கத்தில் ஏதோ இறுகுவது தெரிந்து திரும்பினார். பக்ருன்னிசா தன் சேலை முந்தானையைக் கைக்குள் சுருட்டி மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். பிடித்திருப்பது அவளுக்குத் தெரியாது. அவர் மறுபடி மேடையைப் பார்த்தபோது எண்ணிக்கை எங்கே நின்றது என்று தெரியவில்லை. நாற்பதா, ஐம்பதா. அவன் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தான். கூட்டத்தில் பேச்சு நின்றிருந்தது.

விழுந்தான். விழுந்த பிறகும் ஒரு கை மட்டும் இழுத்துப் பார்த்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் நல்லகாமன் மேடைப் படியருகே வந்து நின்றார். ஹம்சவேணி கீழே இறங்காமல் அங்கேயே நின்றாள். சிஹாபுதீன் கொஞ்சம் தள்ளித் தன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நல்லகாமன் மீசையைத் தடவினார், சொல்ல வந்ததை விட்டுவிட்டு, மேடையில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார்.

"அந்தப் பயலுக்குக் கையி விட்டுப்போயிருக்கும்" என்றார்.

"ஆமாங்கய்யா" என்றாள் ஹம்சவேணி. தன் மணிக்கட்டுகளை மாறி மாறிப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"பங்குனியில எங்க ஊருக் கோயில்லயும் ஒரு நாள் வச்சுக்கிருவோம். நீ ஒருத்தியே வா." போகத் திரும்பியவர் நின்றார். "துணின்னு என்னமோ வச்சிருந்தீகளே, அது எதுக்கும்மா?"

பஸ்ஸில் பக்ருன்னிசாவுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. சமாளிக்க முடியாத கூட்டம் இல்லை. கப்பலூர் தாண்டும்வரை முந்தானையில் விழுந்திருந்த சுருக்கங்களை மடியில் வைத்து நீவிக்கொண்டே வந்தாள்.

"எம்புட்டுத் துணி இருக்கும்?" என்று கேட்டாள்.

சிஹாபுதீன் மடியிலிருந்த பையைத் தொட்டுப் பார்த்தார். இருபத்து நான்கு முழமும் அதில்தான் இருந்தது.

"தெரியல" என்றார். "எண்ணிக்கை விட்டுப்போச்சு."